நல்லெண்ணெய் குடித்த ஸ்டியரிங்

“தம்பி, காரிலை ஒரு பிழையும் இல்லை. பிழை என்னிலைதான்.”

அண்ணை இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கராஜ் கதவை மேலே தள்ளிக்கொண்டே, மழை வரும்போல இருக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். அவர் என்னோடு கூடப்பிறந்தவர் இல்லை. ஜெர்மனிக்கு வந்த புதிதில் அகதிகள் விடுதியில் ஒரு அடுக்குக் கட்டில் கிடைத்தது. அவர் மேலே, நான் கீழே. “உம்மட தலைக்கு மேல கிடந்தவன் எண்ட மரியாதை இருக்கட்டும்” என்று இன்றைக்கும் பகிடி விடுவார். இந்த ஆஹென் நகரத்தில் எனக்குச் சொந்தம் தொடங்குவது அந்தக் கட்டிலில் இருந்துதான்.

கராஜுக்குள்ளே கார் நின்றது. பழைய அமெரிக்கக் கார், எட்டுச் சிலிண்டர், போத்தல் பச்சை நிறம். தெருவில் பலம் காட்டவென்றே அமெரிக்காக்காரர் ஒரு காலத்தில் செய்த ரகம். வயது எங்கள் இரண்டு பேரின் வயதுக்கும் நடுவில். “பொனட்டிலை ஒரு குடும்பம் பாய் விரிச்சுப் படுக்கலாம்” என்பது அண்ணையின் மனைவி, நாங்கள் எல்லோரும் அக்கா என்கிறவ, அதைப் பற்றிச் சொல்லுகிற ஒரே நல்ல வார்த்தை. பிஸ்கட் பக்டரியில் அண்ணையோடு வேலை செய்த ஒரு ஜெர்மன்காரர் நோயில் விழுந்தபோது, “இதைத் துடைக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்” என்று காரின் திறப்பை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அண்ணை அதைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

அந்தக் காரைத்தான் இப்போது விற்கப் போகிறார்கள். வருகிற சனிக்கிழமை கொலோன் நகரத்தில் இருந்து ஒருவர் பார்க்க வருவதாக நாளும் நேரமும் குறித்து டெர்மின் கொடுத்தாயிற்று. கொடுத்தது அண்ணையின் பிள்ளைகள். கோடை தொடங்கின நேரம் அண்ணை மகளையும் ஏற்றிக்கொண்டு தமிழ்க் கடைக்குப் போயிருக்கிறார். நேரான ரோட்டில் கார் மெல்ல மெல்லக் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. இவர் திருப்ப, அது கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. பிறகு மற்றப் பக்கம் அளவுக்கு மேலே போயிருக்கிறது. மகள் அதிலேயே நிற்பாட்டச் சொல்லி, இறங்கி, பஸ்ஸில் வந்துவிட்டாள்.

“அப்பாட இடக்கை நடுங்குது. இனி கார் ஓடக்கூடாது” என்று பிள்ளைகள் முடிவெடுத்தார்கள். உண்மைதான், தேத்தண்ணிக் கோப்பையை அவர் வலக்கையால் எடுக்கத் தொடங்கியதை நானும் கண்டிருந்தேன். கண்டும் ஒன்றும் கேட்கவில்லை.

“நீர் ஹோர்னை மட்டும் பாரும்” என்றார் அண்ணை. “ஒருக்கா அடிக்குது, ஒருக்கா அடிக்குதில்லை. வாங்க வாறவன் முதல்லை அதைத்தான் அமத்திப் பாப்பான்.”

நான் படித்த மெக்கானிக் இல்லை. ஒரு பொருட்கிடங்கில் பெட்டி தூக்குகிற வண்டிகளைப் பழுது பார்க்கிறேன்; கழற்றிக் கழற்றிப் பழகினதுதான் படிப்பு. அங்கே எனக்கு முதல் மேற்பார்வையாளராக இருந்த துருக்கிக்காரர் சொல்வார், “திரும்பப் பூட்டின பிறகு கையிலை ஒரு நட்டும் மிஞ்சாட்டில் நீ மெக்கானிக்.” அந்தக் கணக்கில் நான் அநேகமான நாள்களில் மெக்கானிக்தான். மனிதர் வாயில் இருந்து இப்படி விழுகிற சொல்லுகளைப் பொறுக்கி வைத்திருப்பது என் வியாதி. ஆளை மறந்தாலும் சொல்லை மறக்கமாட்டேன்.

பொனட்டைத் திறந்தேன். ஹோர்னுக்கு நேரே வயர் பிடித்தால் ஊரே எழும்புகிற மாதிரி அடித்தது. அப்போ ஹோர்னில் பிழையில்லை. ஸ்டியரிங்கில் அமத்தினால்தான் சிலவேளை செத்துப்போகிறது. இந்த மாதிரிக் காரில் ஹோர்னின் மின்சாரம் ஸ்டியரிங் தண்டுக்குள்ளால்தான் திரும்பிப் போகும். ஆகவே தண்டைத் தடவிக்கொண்டு கீழே இறங்கினேன்.

தண்டும் அதற்குக் கீழே இருக்கிற ஸ்டியரிங் பெட்டியும் ஒன்றையொன்று நேராகத் தொடுவதில்லை. நடுவில் உள்ளங்கை அகலத்தில், விரல் தடிப்பில் ஒரு ரப்பர் வட்டு. ரப்பருக்குள்ளே துணியும், மெல்லிய கம்பி வலையும். மேற்பக்கத்தை இரண்டு போல்ட் பிடிக்கும், கீழ்ப்பக்கத்தை இரண்டு. கப்ளர் என்பார்கள். கை திருப்புவதைச் சில்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதுதான், ரோட்டின் அதிர்ச்சி கைக்கு வராமல் விழுங்குவதும் அதுதான். அந்த வட்டில் விரல் வைத்தேன். விரல் உள்ளே போனது. எடுத்தால் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. மணந்து பார்த்தேன்.

“அண்ணை, இஞ்ச ஒரு மணம்.”

“பெட்ரோலோ?”

“இல்லை. சனி முழுக்கு.”

கராஜின் பின் தட்டில், பெயின்ற் தகரங்களுக்குப் பின்னால் ஒரு நல்லெண்ணெய்ப் போத்தல் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்தார்.

“அது தம்பி, திருப்பேக்கை ஒரு கிறீச் சத்தம் வந்தது. சனிக்கிழமையிலை நான் தலைக்கு எண்ணெய் வைக்கிறனான்தானே. அதுக்கும் ரெண்டு சொட்டு விட்டனான்.”

“ரெண்டு சொட்டோ?”

“ஒரு மூடி.”

“சத்தம் நிண்டிட்டுதோ?”

“ஓம், அப்பவே நிண்டிட்டுது.”

“பிறகேன் விட்டனீங்கள்?”

“பழகிப்போச்சு” என்றார். “எனக்கு வைச்சிட்டு அதுக்கு வைக்காமல் விட மனம் வரேல்லை.”

இரும்பு எண்ணெயைக் கண்டால் சந்தோசப்படும். ரப்பர் அப்படி இல்லை. குடிக்கும், ஊதும், பிறகு கூழாகிப்போகும். சனிக்கிழமை தவறாமல் அந்த வட்டு குடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. உள்ளே இருந்த கம்பி வலையும் அறுந்துபோக, ஹோர்னுக்குப் பாதை விட்டுவிட்டுக் கிடைத்திருக்கிறது.

ஆனாலும் என் கண்ணால் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்த அக்காவைக் கீழே வரச் சொன்னேன். அக்கா வீடு வீடாகப் போய் வயதான ஜெர்மன்காரரைப் பராமரிக்கிற வேலை. நீல மேற்சட்டையோடு வந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி இருந்தா.

“இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கோ அக்கா.”

“திருப்பிப்போட்டன்.”

“இன்னும்.”

“இன்னும் எண்டால் நான் கொலோனுக்குப் போயிடுவன் தம்பி.”

ரோச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்டு திரும்பியது. வட்டு, பிழிகிற சீலைத்துணிபோல முறுகியது. கீழ்ப்பக்கம் அசையவில்லை. அக்கா இன்னும் கொஞ்சம் திருப்ப, திடீரென்று ‘டக்’ என்று கீழ்ப்பக்கமும் இழுபட்டுத் திரும்பியது. ரப்பர் கிழிந்தாலும் முழுக்க விட்டுப்போகாமல் இருக்க உள்ளே இரண்டு இரும்பு முனைகள் வைத்திருப்பார்கள். கடைசி நேரத்தில் பிடித்துக்கொள்ளத்தான் அது. அந்தக் கடைசி நேரத்திலேயே இந்தக் கார் எத்தனையோ நாள் ஓடியிருக்கிறது.

அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அக்கா திருப்ப, அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

“அப்ப, மகளோடை போகேக்கை நடந்தது?”

“நீங்கள் திருப்பியிருப்பீங்கள். இது சொல்லுக் கேட்டிருக்காது.”

“அப்ப என்ர கை இல்லை.”

அது கேள்வியா, முடிவா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் இடக்கையைத் தூக்கி, விரல்களை விரித்து, யாரோ திருப்பிக் கொடுத்த சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். காருக்குள்ளே இருந்த அக்கா முன் கண்ணாடிக்குள்ளால் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தா.

கை கழுவ மேலே போனபோது அக்கா சவர்க்காரத்தை எடுத்துத் தந்துவிட்டு, கதவைச் சாத்தினா.

“தம்பி, நான் ஒவ்வொரு நாளும் இப்பிடியான கையளுக்குச் சட்டை பொத்தான் பூட்டிவிடுறன். எனக்குத் தெரியாதோ? டொக்டரிட்டைப் போவம் எண்டு சொன்னால், எழும்பிக் கராஜுக்குப் போயிடுவார். அந்தக் கார் பிழையெண்டால் எனக்குச் சந்தோசம். ஆனால் அதைத் திருத்திப்போட்டு எல்லாம் சரியெண்டு மட்டும் சொல்லிப்போடாதையும். சரியெண்டால் சரி. இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லும்.”

“நான் டொக்டர் இல்லையே அக்கா.”

“டொக்டர் சொன்னால் நம்பமாட்டார். கார் சொன்னால் நம்புவார்.”

இந்தச் சொல்லையும் நான் பொறுக்கி வைத்துக்கொண்டேன். ஆனால் இது சுமக்கப் பாரமாக இருந்தது.

புது கப்ளர் ஹொலண்டில் கிடைத்தது. ஆஹெனில் இருந்து எல்லை கூப்பிடு தூரம். அங்கால் ஒரு கடைக்காரர் அமெரிக்கப் பழங்கார்களுக்குச் சாமான் வைத்திருக்கிறார். அந்தக் காரில் போக ஏலாது, என் கார் மனிசியோடு வேலைக்குப் போய்விட்டது, ஆகவே அண்ணையும் நானும் பஸ்ஸில் போனோம். திரும்பி வரும்போது அண்ணை சிறிய அட்டைப்பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பெட்டியின் மூடி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பஸ் ஆட்டுகிறதா, கை ஆட்டுகிறதா என்று பார்க்காமல் நான் யன்னலுக்கு வெளியே மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் வழி முழுக்கக் கதைத்தார். அடுத்த கோடையில் பெல்ஜியம் கடற்கரைக்கு இந்தக் காரில் போகலாமாம். கொலோன்காரனுக்கு வேணாமென்று சொல்ல மகனிடம் சொல்லவேண்டுமாம்.

“முதல்லை பூட்டுவம் அண்ணை” என்றேன்.

வியாழக்கிழமை லீவு எடுத்தேன். முன்சில்லுகளை நேராக நிறுத்தி, ஸ்டியரிங் சுழன்று போகாமல் அக்காவின் பழைய சால்வையால் இருக்கையோடு சேர்த்துக் கட்டினோம். வட்டின் மேல் நட்டுகள் இரண்டும் சொன்னபடி கேட்டன. கீழே, கப்ளரைப் பெட்டியின் தண்டோடு இறுக்கிப் பிடிக்கிற போல்ட்தான் பிடிவாதம். துருப்பிடித்து அசையவில்லை. பக்கத்துக் கராஜ்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், தன்னுடைய நாயையும் கூட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“இந்தப் போல்ட் கனகாலம் கலியாணம் கட்டியிருக்கு” என்றார் ஜெர்மனில். “இழுத்துப் பிரிக்காதே. மெல்லக் கதைத்துப் பிரி.”

துரு கரைக்கிற ஸ்பிரேயை அடித்துவிட்டு, மூன்று பேரும் கோப்பி குடித்தோம். அதுதான் கதைக்கிற முறை. கோப்பி முடியத் திரும்பிப் போய் ஸ்பனரை வைத்தேன். ஒரு முனகலோடு விட்டுக்கொடுத்தது. மேல் தண்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, பழைய கப்ளரைக் கழற்றி எடுத்தேன். பழைய பேப்பரில் வைத்தால் எண்ணெயில் ஊறின வடை மாதிரி இருந்தது. பேப்பரில் எண்ணெய் வட்டம் பரவியது. தபால்காரர் மணந்து பார்த்து, “இது எந்தக் கொம்பனி எண்ணெய்?” என்று கேட்டார்.

“எங்கட குசினிக் கொம்பனி” என்றார் அண்ணை. சிரித்துவிட்டு, அந்தக் கறுப்புத் துண்டைப் பார்த்துத் தமிழில் சொன்னார், “நான் நல்லதெண்டுதான் செய்தன்.”

புதியதைப் பூட்டுவதில் ஒரு கவனம் உண்டு. வட்டின் ஒரு போல்ட் மற்றதைவிடத் தடிப்பு. அதற்குரிய துளையும் பெரிது. பெட்டியின் தண்டிலும் ஒரு பக்கம் தட்டை. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே போகும். மாறிப் பூட்ட அது விடாது. நான் கீழே கிடந்து தள்ள, அண்ணை மேலே சால்வையை அவிழ்த்து ஸ்டியரிங்கை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். “இன்னும் கொஞ்சம். இல்லை, மற்றப் பக்கம். நில்லுங்கோ.” உள்ளே போனது. போல்ட்டுகளை இறுக்கினேன், இறுக்கினதைத் திரும்பவும் இறுக்கினேன். கையில் ஒரு நட்டும் மிஞ்சவில்லை.

“ஹோர்னை அமத்துங்கோ அண்ணை.”

அமத்தினார். வட்டுக்குள்ளே இருந்த கம்பி வலை தன் வேலையைச் செய்தது. தபால்காரரின் நாய் குரைத்தது. மூன்றாம் மாடியில் ஒரு யன்னல் திறந்து, ஒரு பெண் கீழே பார்த்துவிட்டுப் பேசாமல் மூடினா. அண்ணை இன்னொருதரம் அமத்தினார்.

முதலில் நான் காரை ஓடிப் பார்த்தேன். கராஜ் வரிசையைச் சுற்றி, பிறகு வயல் பக்கம் போகிற ரோட்டில். திருப்பின உடனே திரும்பியது, விட்ட உடனே நேராகியது. இடையில் யோசனை இல்லை. திரும்பி வந்து திறப்பை அண்ணையிடம் கொடுத்து, பக்கத்தில் ஏறினேன். அக்கா வேலை முடிந்து வந்திருந்தா. வாசலில் நின்று பார்த்தா. வரச் சொல்லிக் கூப்பிட, மாட்டேன் என்று தலையை ஆட்டினா.

வயல் ரோட்டில் எட்டுச் சிலிண்டரும் தொண்டையைச் செருமிக்கொண்டு போயின. அண்ணை நிமிர்ந்து இருந்தார். கார் கோட்டுக்குள்ளே, நூல் பிடித்த மாதிரி. “பாத்தீரோ? பாத்தீரோ?” என்று இரண்டு தரம் சொன்னார். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. மகளுக்கு இதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். போனை எடுத்தேன்.

போனுக்குள்ளால் பார்க்கும்போதுதான் கண்டேன். ஸ்டியரிங் வளையம் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. ரோட்டில் குழி இல்லை.

அண்ணையும் கண்டுவிட்டார். கதை நின்றது. கொஞ்சத் தூரம் அப்படியே ஓடினார். பிறகு இடக்கையை எடுத்து மடியில் வைத்தார். வளையம் அமைதியாகிவிட்டது. திரும்ப இடக்கையை வைத்தார். துடித்தது. எடுத்தார், நின்றது. ஹோர்னைச் சோதித்துப் பார்க்க நான் வயரை வைத்து எடுத்த மாதிரியே அவர் தன் கையை வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

வயல் ஓரத்தில், டிராக்டர் திரும்புகிற இடத்தில் காரை ஒதுக்கி நிறுத்தினார். என்ஜினையும் நிற்பாட்டினார். நான் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

“முந்தி அந்தக் கூழ் ரப்பர் எல்லாத்தையும் விழுங்கிக்கொண்டிருந்திருக்கு” என்றார். “கார் ஆட, நான் காரை நினைச்சன். கை ஆட, அதுக்கும் காரைத்தான் நினைச்சன். பிறகு பிள்ளையள் சொல்ல எல்லாத்துக்கும் கையை நினைச்சன். இப்ப ரெண்டும் வேற வேறயாத் தெரியுது.”

“கார் பிழைதான் அண்ணை. அண்டைக்குக் கோட்டைத் தாண்டினது காரின்ர பிழை. அது சத்தியம்.”

“ஓம். அது திருந்திட்டுது.” கையை மடியில் இருந்து எடுக்காமலே சொன்னார். “இதை நான் அக்காவுக்கு என்னெண்டு சொல்லுறது?”

அக்காவுக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவ சொல்லவேண்டியது என்று விட்டுவிட்டேன். “ஓடிப் பாத்ததைச் சொல்லுங்கோ” என்றேன்.

திரும்பி நான்தான் ஓட்டினேன். அக்கா அதே இடத்தில் நின்றா. நான் ஓட்டுநர் பக்கத்தால் இறங்குவதைக் கண்டதுமே அவவுக்குப் பாதி விளங்கியிருக்கும். அண்ணை மற்றப் பக்கத்தால் இறங்கி, கதவைச் சாத்தி, காரின் கூரையில் வலக்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“இஞ்சேரும், கார் பிழைதான்” என்றார். “அது சரியாப் போச்சு. மற்றதுக்கு நீர் ஒரு டெர்மின் எடும்.”

அக்கா “எடுக்கிறன்” என்றா. பிறகு, “ஏற்கெனவே எடுத்து வைச்சிருக்கிறன், ஆனா அது குளிர்காலத்திலைதான் வருது” என்றா. இந்த நாட்டில் நரம்பு டொக்டரைப் பார்க்கிறதென்றால் அப்படித்தான்.

“அப்ப அதுவரைக்கும்?” என்று அண்ணை காரைப் பார்த்தார். “கொலோன்காரன் சனிக்கிழமை வாறான்.”

அக்கா நடந்து வந்து, என் கையில் இருந்த திறப்பை வாங்கினா. ஒவ்வொரு நாளும் வேலைக்கென்று அந்தச் சின்ன வெள்ளைக் காரில் மழையிலும் பனியிலும் ஆஹெனின் சந்துபொந்தெல்லாம் ஓடுகிறவ. இதிலே ஏறி இருந்து, இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, “ஏறுங்கோ” என்றா அண்ணையிடம்.

“உமக்கு இது ஏலாது. இது மாடு மாதிரி இழுக்கும்.”

“உங்களோடை இவ்வளவு காலம் இருந்தனான். இது ஏலாதோ?”

அண்ணை ஏறினார். ஏறினதும், “கெதியா விடாதையும், கிளட்சை மெல்ல எடும், அந்த வளைவிலை தபால்காரன்ர நாய் நிக்கும்” என்று தொடங்கிவிட்டார். அக்கா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தா.

“தம்பி, அந்தத் தட்டிலை இருக்கிற நல்லெண்ணெயை மேல கொண்டுபோய்க் குளியலறையிலை வையும். அது இனி மனிசருக்கு.”

கார் ஒரு தரம் துள்ளி நின்றது. திரும்பக் கிளம்பியது. கராஜ் வரிசையின் முடிவில், நாய் நிற்கிற வளைவுக்கு முன்னால், நீளமாக ஹோர்ன் கேட்டது. யார் அமத்தினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் போத்தலின் கழுத்தில் வழிந்திருந்த எண்ணெயைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படியேறினேன். அன்றிரவு மகன் கொலோன்காரருக்கு டெலிபோன் எடுத்து, கார் விற்பனைக்கு இல்லை, வீட்டில் அதை ஓடுகிற ஆள் மாறிவிட்டது என்று சொன்னானாம்.